மாடி லேப்டாப்புக்குக் கீழ்த்தள டெஸ்க்டாப் தெரியவில்லை

கேள்வி: நானும் கணவரும் வீட்டிலேயே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறோம். எல்லாப் படங்களும் கீழே ஹாலில் உள்ள டெஸ்க்டாப்பில் இருக்கின்றன. அது விண்டோஸ் 10. முன்பு கீழேயே உட்கார்ந்து பழைய லேப்டாப்பில் அந்த ஃபோல்டரைத் திறந்து வேலை செய்வேன், பாஸ்வேர்டுகூடக் கேட்காது. இப்போது விண்டோஸ் 11 ப்ரோ உள்ள புது லேப்டாப் வாங்கி, மாடி அறைக்கு மாறிவிட்டேன். அங்கே வைஃபை எட்டாததால் ஒரு ரவுட்டரும் வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து மாட்டினோம். இன்டர்நெட் நன்றாக வருகிறது. ஆனால் டெஸ்க்டாப் நெட்வொர்க்கில் தெரியவே இல்லை. அதன் ஐபி எண்ணைப் போட்டுத் திறந்தால், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகள் விருந்தினர் நுழைவைத் தடுக்கின்றன என்று ஆங்கிலத்தில் வந்தது. எங்களுக்கு ஏது நிறுவனம்? கடைக்காரர் ஒருவர் வந்து ஃபயர்வாலை அணைத்தார், எஸ்எம்பி 1 என்று எதையோ இயக்கினார், பலனில்லை. இன்னொருவர் பாஸ்வேர்டு பாதுகாப்பை இயக்கினார். இப்போது பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது, எதைக் கொடுத்தாலும் ஏற்கவில்லை. டெஸ்க்டாப்புக்கு நாங்கள் பாஸ்வேர்டே வைத்ததில்லை. மாடியிலிருந்து பிங் செய்தால், அதாவது அந்தக் கணினி எட்டுகிறதா என்று கேட்டுப் பார்த்தால், பதில் வருகிறது. கீழிருந்து மாடிக்குச் செய்தால் வரவில்லை. இரண்டு கணினிகளிலும் நெட்வொர்க் எண்களைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையின் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்த இரண்டு படங்களை அனுப்பினீர்களே, பாதி வேலையை அவையே முடித்துவிட்டன. உங்கள் வீட்டில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. ஒன்று புது ரவுட்டரை மாட்டிய விதத்தில், இன்னொன்று டெஸ்க்டாப்புக்குள் நுழையும் முறையில். ஒன்றுக்கான வைத்தியத்தைச் செய்யும்போது மற்றது குறுக்கே நின்றதால், வந்தவர்கள் எதைத் தொட்டாலும் பலிக்காதது போலத் தெரிந்திருக்கிறது. எது எங்கே தடுக்கிறது என்று வரிசையாகப் பார்க்காமல் எல்லாப் பாதுகாப்பையும் கழற்றிப் போட்டதுதான் தவறு. அவற்றையும் திரும்ப மாட்டியாக வேண்டும்.

முதலில் படங்களைப் பார்ப்போம். டெஸ்க்டாப்பின் ஐபி 192.168.1.7, அதன் கேட்வே, அதாவது வெளியே போகும் வழி, 192.168.1.1. லேப்டாப்பின் ஐபி 192.168.0.103, அதன் கேட்வே 192.168.0.1. இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. இப்படி இருந்தால் ஐபியின் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்கும் கணினிகள்தான் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன என்று பொருள். உங்கள் மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: கீழே 1, மேலே 0. ஒரே வீடு, ஒரே இன்டர்நெட், ஆனால் நெட்வொர்க் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

கீழே இருக்கும் ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர்தான். அதிலிருந்து வரும் கேபிளை மாடி ரவுட்டரில் 'வேன்' அல்லது 'இன்டர்நெட்' என்று எழுதிய, நிறம் மாறியிருக்கும் போர்ட்டில் செருகியிருப்பீர்கள். பெட்டியோடு வந்த படமும் அப்படித்தான் காட்டியிருக்கும். அங்கே செருகினால் மாடி ரவுட்டர் தனக்கென்று ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கி, தன் பின்னால் இருப்பவற்றை மறைத்துக்கொள்ளும். தெருக் கேட்டைத் தாண்டினால் உள்ளே இன்னொரு கேட்டு, அதில் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் வெளியே போகலாம், அவர் கேட்ட பதிலும் உள்ளே வரும். வெளியே இருப்பவர் தானாக உள்ளே வர முடியாது.

பிங் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்வதற்கு இதுதான் காரணம். மாடியிலிருந்து கேட்ட கேள்விக்கு டெஸ்க்டாப் தந்த பதிலை மாடி ரவுட்டர் உள்ளே விடுகிறது. கீழிருந்து 192.168.0.103 எங்கே என்று கேட்டால் டெஸ்க்டாப்புக்கும் தெரியாது, ஃபைபர் பெட்டிக்கும் தெரியாது. கேள்வி வீணாகப் போய்விடுகிறது. நெட்வொர்க் ஐகானைத் திறந்தால் பட்டியலில் எதுவும் தெரியாததற்கும் இதே காரணம்தான். ஒரு விண்டோஸ் கணினி 'நான் இங்கே இருக்கிறேன்' என்று மற்றவற்றுக்கு விடுக்கும் அறிவிப்பு தன் நெட்வொர்க்குக்குள் மட்டுமே கேட்கும், ரவுட்டரைத் தாண்டாது.

சரி, இதைச் சரிசெய்யப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். மாடி ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்', அதாவது தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் முறை, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும். இல்லையென்றால் கையால் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு செட்டிங்ஸ் பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். முதலில் ஃபைபர் பெட்டி எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை ஐபி கொடுக்கிறது என்று பாருங்கள். 2 முதல் 254 வரை என்றிருந்தால் அதை 2 முதல் 200 வரை என்று குறைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாடி ரவுட்டரின் சொந்த ஐபியை 192.168.1.250 என்று மாற்றுங்கள். அது மறுபடி தொடங்கியதும் இந்தப் புது எண்ணில்தான் அதன் பக்கம் திறக்கும். அங்கே போய் 'டிஹெச்சிபி'யை, அதாவது ஐபி எண்களைத் தானாக விநியோகிக்கும் வேலையை, அணையுங்கள். கடைசியாகக் கேபிளை 'வேன்' போர்ட்டிலிருந்து எடுத்து, சாதாரண லேன் போர்ட்களில் ஒன்றில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்காமல் கேபிளை மட்டும் மாற்றினால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் ஐபி விநியோகம் செய்வார்கள். வீட்டில் உள்ள ஃபோன்களில் சிலவற்றுக்கு இன்டர்நெட் வரும், சிலவற்றுக்கு வராது, ஏனென்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மாடி வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் பழையபடியே இருக்கும்.

இதன் பிறகு லேப்டாப்பை வைஃபையில் துண்டித்து மறுபடி இணைத்து, ஐபிகான்ஃபிக் பாருங்கள். ஐபி 192.168.1 என்று தொடங்க வேண்டும், கேட்வே 192.168.1.1 ஆக இருக்க வேண்டும். 169.254 என்று தொடங்கினால் ஐபி கொடுக்க யாரும் கிடைக்காமல் விண்டோஸ் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். கேபிளையும் போர்ட்டையும் மறுபடி பாருங்கள். மாடி ரவுட்டரில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று இருந்தால் அதில் இணைய வேண்டாம். அதில் இணையும் கருவிகள் வீட்டின் மற்ற கணினிகளைப் பார்க்க முடியாதபடிதான் பொதுவாக அமைத்திருப்பார்கள்.

அடுத்து, இரண்டு கணினிகளிலும் நெட்வொர்க் செட்டிங்ஸில் இந்த இணைப்பு 'பப்ளிக்' என்று இருக்கிறதா, 'பிரைவேட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் 'பிரைவேட்' என்று வையுங்கள். ரவுட்டரில் மாற்றம் செய்யும்போது விண்டோஸ் இதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு 'பப்ளிக்' என்று போட்டுவிடுவது உண்டு. ரயில் நிலைய வைஃபையில் இருப்பது போல எண்ணி அது எல்லாக் கதவுகளையும் சாத்திக்கொள்ளும். அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பிரைவேட் பகுதியில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்' இரண்டும் இயங்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு நெட்வொர்க் பட்டியலில் டெஸ்க்டாப் தெரியாவிட்டாலும் கவலைப்படாதீர்கள். அந்தப் பட்டியல் தாமதமாக வரும், சில நாள் வராமலும் போகும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.7 என்று அடித்துத் திறப்பதுதான் உண்மையான சோதனை. இந்த எண் மாறிவிடாமலிருக்க, ஃபைபர் பெட்டியில் டெஸ்க்டாப்புக்கென்று அதை ஒதுக்கி வைக்கலாம். 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று இருக்கும்.

இனி இரண்டாவது கோளாறு. 'எங்களுக்கு ஏது நிறுவனம்' என்று கேட்டிருந்தீர்கள். அந்த வாசகம் அலுவலகங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. வீட்டுக் கணினியிலும் அப்படியே வருகிறது, பாவம் யாரையும் குழப்பத்தான் செய்யும். நடந்தது இதுதான். உங்கள் டெஸ்க்டாப்பில் யாரோ பல வருஷங்களுக்கு முன் பாஸ்வேர்டு பாதுகாப்பை அணைத்து வைத்திருக்கிறார்கள். அதனால் பழைய லேப்டாப் யாரென்றே சொல்லாமல் விருந்தினராக உள்ளே போய்வந்தது. விண்டோஸ் 10 ஹோம், ப்ரோ இரண்டும் இதை அனுமதித்தன. 2024-இல் வந்த 24ஹெச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோ இதை ஒப்புவதில்லை. போகும் வரும் ஒவ்வொரு தகவலிலும் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும் என்று அது கேட்கிறது. நடுவில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பெயர் சொல்லி நுழைந்தவருக்குத்தான் அந்தக் கையெழுத்துக்கான சாவி கிடைக்கும், விருந்தினருக்குக் கிடையாது. அதனால் உங்கள் புது லேப்டாப் கதவருகே வந்து நின்றுவிட்டது. அதில் ஒரு குறையும் இல்லை.

இந்தத் தடையை லேப்டாப்பில் நீக்கிவிடச் சொல்லி யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள். சரியான வழி, டெஸ்க்டாப்பில் ஒழுங்கான பெயரும் பாஸ்வேர்டும் வைப்பது. இரண்டாவதாக வந்தவர் பாஸ்வேர்டு பாதுகாப்பை இயக்கியது நல்ல காரியம்தான், பாதியில் விட்டுவிட்டார். டெஸ்க்டாப்பின் கணக்குக்குப் பாஸ்வேர்டே இல்லையென்றால், அந்தக் கணக்கை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்த விண்டோஸ் விடாது. அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் நுழையலாம். அதனால் பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாக விட்டாலும் ஏற்காது. லேப்டாப்பின் நான்கு இலக்கப் பின் எண்ணும் உதவாது. பின் எண் அந்த ஒரு கணினிக்குள் மட்டும் செல்லும்; நெட்வொர்க்கில் நுழையக் கணக்கின் பாஸ்வேர்டுதான் வேண்டும். என்னிடம் வரும் புகார்களில் இந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

டெஸ்க்டாப்பில் இதற்கென்று ஒரு தனிக் கணக்கு தொடங்குங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ், அங்கே வேறொருவரைச் சேர்க்கும் இடம். மின்னஞ்சல் கேட்கும்போது இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்து, அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியில் போங்கள். 'ஆல்பம்' என்பதை ஆங்கில எழுத்தில் பெயராக வைத்து, நல்ல நீளமான பாஸ்வேர்டு கொடுங்கள். இந்தக் கணக்கில் யாரும் உட்கார்ந்து வேலை செய்யப் போவதில்லை. மாடியிலிருந்து நுழைய மட்டும்தான். உங்கள் கணவர் கீழே எப்போதும் போலப் பாஸ்வேர்டு இல்லாமலே கணினியைத் திறந்துகொள்ளலாம், ஆனால் வாடிக்கையாளர்கள் வந்துபோகும் ஹால் என்றால் அதற்கும் ஒன்று வைத்துவிடுவது நல்லது.

அப்புறம் படங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு அனுமதி. இங்கேதான் பலரும் பாதியில் நிற்பார்கள், ஏனென்றால் அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் திறந்தால் 'ஷேரிங்' என்ற பக்கம் ஒன்று, 'செக்யூரிட்டி' என்ற பக்கம் ஒன்று. நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டிலும் தேற வேண்டும். எது கண்டிப்பாக இருக்கிறதோ அதுதான் செல்லும். ஷேரிங் பக்கத்தில் அட்வான்ஸ்டு ஷேரிங்கைத் திறந்தால், புதிதாக ஷேர் செய்யும் ஃபோல்டருக்கு 'எவ்ரிஒன்' என்ற பெயரில் படிக்கும் உரிமை மட்டும் இருக்கும். அதை நீக்கி, ஆல்பம் கணக்கைச் சேர்த்து, 'சேஞ்ச்' உரிமை கொடுங்கள். செக்யூரிட்டி பக்கத்திலும் அதே கணக்குக்கு 'மாடிஃபை' கொடுங்கள். படம் திறக்கிறது, திருத்திச் சேமிக்கப் போனால் மறுக்கிறது என்றால் இந்த இரண்டில் ஒன்றில் விட்டுப்போயிருக்கிறது.

இப்போது மாடிக்குப் போய் லேப்டாப்பில் முதலில் ஒரு சுத்தம் செய்யுங்கள். கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் 192.168.1.7 அல்லது டெஸ்க்டாப்பின் பெயரில் ஏதாவது சேமித்திருந்தால் நீக்கிவிடுங்கள். தவறான பாஸ்வேர்டு ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தால் லேப்டாப் அதையே கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருக்கும். லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு \\192.168.1.7 திறங்கள். பெயர் கேட்கும் இடத்தில் டெஸ்க்டாப்பின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, அதன்பின் ஆல்பம் என்ற கணக்குப் பெயர் என்று சேர்த்து அடியுங்கள். இப்படிக் கொடுத்தால் அது லேப்டாப்பின் கணக்கு அல்ல, டெஸ்க்டாப்பின் கணக்கு என்று தெளிவாகிவிடும். நினைவில் வைத்துக்கொள் என்ற கட்டத்தில் டிக் அடித்தால் தினமும் கேட்காது.

இனி, முதலில் வந்தவர் செய்துவிட்டுப் போனவற்றைக் கண்டிப்பாகத் திருப்ப வேண்டும். ஃபயர்வாலை இன்றைக்கே இயக்குங்கள். பிரைவேட் நெட்வொர்க்கில் ஃபைல் ஷேரிங்கை இயக்கும்போது அதற்கு வேண்டிய வழியை ஃபயர்வால் தானே திறந்துவிடும். முழுதாக அணைக்க ஒரு அவசியமும் இல்லை. வழி திறந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்ற கட்டளையோடு டெஸ்க்டாப்பின் ஐபியையும் ஃபைல் ஷேரிங்குக்கான போர்ட் 445-ஐயும் கொடுத்துப் பார்க்கலாம். கடைசி வரியில் 'ட்ரூ' வந்தால் ஃபயர்வாலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கலாம், அதையும் பாருங்கள்.

எஸ்எம்பி 1 விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எஸ்எம்பி என்பது விண்டோஸ் கணினிகள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் மொழி, 1 என்பது அதன் பழைய பதிப்பு. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். உங்கள் இரண்டு கணினிகளுக்கும் அது தேவையே இல்லை. இரண்டுமே எஸ்எம்பி 3 பேசுபவை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டி வந்ததே, அது ஒரு கணினியிலிருந்து அடுத்ததுக்குத் தாவியது இந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த பதிப்பிலிருந்து விண்டோஸ் 10-இல் எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதும் நின்றது. உங்கள் டெஸ்க்டாப்பில் இருப்பவை மற்ற குடும்பங்களின் கல்யாணப் படங்கள். தொலைந்தால் திரும்ப எடுக்க முடியாதவை. அதை வைத்திருக்கும் கணினியில் ஃபயர்வால் இல்லாமல், பாஸ்வேர்டு இல்லாமல், பழைய கதவும் திறந்து கிடந்தது என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே பதறியது.

டெஸ்க்டாப்பின் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தக் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கும் என்றால் மாற்றிவிடுங்கள். எப்படியிருந்தாலும் படங்களின் ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும், வேலை முடிந்ததும் அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும் வைரஸ்கள் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணைப்பு கிடைத்த மறுநாளே கேட்பீர்கள். ஒரு கல்யாணத்துக்கு 60 ஜிபி படம் என்று வையுங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அதை நகலெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் இணைப்பில், டிஸ்க்குகள் ஈடுகொடுத்தால், 10 நிமிடத்தில் முடியும். மாடி ரவுட்டர் விலை குறைந்த வகை என்றால் அதன் போர்ட்களே 100-க்கு மேல் போகாது. போர்ட் கிகாபிட்டாக இருந்தும் 100 என்றே காட்டினால் கேபிளின் இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற அந்த கனெக்டருக்குள் எட்டுக் கம்பிகளும் நுனி வரை போயிருக்க வேண்டும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்; ஒன்று எட்டாமல் நின்றாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும், இன்டர்நெட் மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. கனெக்டரை மறுபடி கிரிம்ப் செய்தால், அதாவது கருவியால் அழுத்திப் பொருத்தினால், சரியாகிவிடும். லேப்டாப்பில் லேன் போர்ட் இருந்தால் பெரிய ஃபைல்களை நகலெடுக்கும்போது வைஃபையை விட்டு, மாடி ரவுட்டரிலிருந்து ஒரு சின்னக் கேபிளால் இணைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் திறக்காவிட்டால் பிழைச் செய்தியில் வரும் எண்ணைப் பாருங்கள். 80070035 என்று முடிந்தால் லேப்டாப்பால் டெஸ்க்டாப்பை எட்டவே முடியவில்லை: ரவுட்டர், பிரைவேட் செட்டிங்ஸ், ஃபயர்வால் இந்த வரிசையில் மறுபடி பாருங்கள், டெஸ்க்டாப் ஸ்லீப்பில் போய்விட்டதா என்றும் பாருங்கள். 80070005 என்று முடிந்தால் போய்ச் சேர்ந்துவிட்டது, அனுமதிதான் இல்லை: ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு பக்கங்களையும் பாருங்கள். வேறு எண் வந்தால், திரை முழுவதும் தெரியும்படி படம் எடுத்து, இரண்டு கணினிகளின் புது ஐபிகான்ஃபிக் படங்களோடு எழுதுங்கள்.